விண்டோஸ் கை

பிப்ரவரி 9

அக்கான்னு ஆரம்பிக்கக் கை வரல. அதனால சும்மாவே ஆரம்பிக்கிறேன்.

போன்ல என்னை பிளாக் பண்ணிட்ட. மெயில்ல எப்படி பிளாக் பண்றதுன்னு உனக்குத் தெரியாது, அதான் இங்க வந்தேன். உன் பல் லேப் கம்ப்யூட்டர்லதான் படிப்பன்னு தெரியும். பக்கத்துல பல் செட்டு இருந்தா ஓரமா தள்ளி வச்சிட்டு முழுசாப் படி.

வீட்டை விட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு. ஒரு ஸ்டுடியோவுல சேந்துட்டேன். செருப்பு, மிக்சி, தலையணைன்னு ஆன்லைன்ல விக்கிற சாமானை வீடியோ எடுத்துக் குடுக்கிற இடம். நான் எடுக்கல. எடுக்கிறவனுக்கு ஒயர் சுத்துறேன்.

ஒரே கேள்வி. மொட்டை படத்தை ஏன் அழிச்ச?

நான் காலேஜை விட்டதே அதுக்குத்தான். ஏழு மாசம் அந்த மாடி ரூம்ல, ஆடுற மேசை மேல, ஒரு செகண்டுக்குப் பன்னெண்டு போட்டோ. நீ மொட்டைப் பொம்மையோட காலை நூல் அளவு நகத்துவ, நான் கேமராவை அமுக்குவேன். திரும்ப நகத்துவ, திரும்ப அமுக்குவேன். லிப்ட் ஓட்டுற ஒரு பொம்மை, வெளி உலகத்தையே பாக்காதவன், ஒருநாள் லிப்டை விட்டு வெளிய வர்றான். இவ்வளவுதான் கதை. இவ்வளவு கதைக்கு ஏழு மாசம்.

கடைசி ஷாட் முடிச்ச மறுநாள் எடிட்டுக்கு உக்காந்தா, ஃபோல்டர் இருக்கு, உள்ள முந்தின நாள் எடுத்தது மட்டும் இருக்கு. மொட்டை வெளிய வர்ற அந்த ஒரு ஷாட். மத்தது எதுவும் இல்ல. குப்பைத்தொட்டியிலயும் இல்ல. ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். அவன் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினான்.

அந்த மேக் கம்ப்யூட்டரைத் தொட்டது ரெண்டே பேர். நான் அழிக்கல.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது அம்மா முன்னாடி என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. "அந்தப் படம் இருக்கிற வரைக்கும் இவன் காலேஜ் வாசலை மிதிக்க மாட்டான். ஒருநாள் மொத்தத்தையும் அழிச்சுப் போடுறேன், அப்பதான் புத்தி வரும்."

அழிச்சாச்சு. புத்தி வரல. ஆமான்னு ஒரு வரி எழுது, போதும். மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. அம்மாவிடம் தினமும் போனில் கதை விடுகிறாய், ஆகவே உயிரோடு இருப்பது தெரிகிறது. ஒயர் சுற்றுகிறவன் அம்மாவிடம் கேமராமேன் என்று சொல்லியிருக்கிறாய். அவள் எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

நான் அழிக்கவில்லை. இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். சொன்னதை மறுக்கவில்லை. உன் காலேஜிலிருந்து வந்த கடைசி நோட்டீஸை அன்றைக்குத்தான் உன் தலையணை உறைக்குள் பார்த்தேன். கோபத்தில் சொன்னேன். நானும் நீயும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே? அம்மா நம் இருவரையும் கொன்று போடுகிறேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்? போலீசுக்கா போனோம்?

உன் படம், உன் படம் என்கிறாய். மொட்டையின் முழங்காலை ஏழு மாதம் மடக்கியது யார்? காலை முதல் மாலை வரை லேபில் ஊர்க்காரர்களின் பல்லைச் செதுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கைகூட கழுவாமல் மேலே ஏறுவேன். அவனுக்கு வாய் திறக்கிற ஷாட் ஒன்றே ஒன்றுதான். அதற்காக முப்பத்திரண்டு பல்லும் வைத்தேன். ஈறுக்கு லேபில் மிஞ்சிய ரோஸ் கலர். முன்பல்லில் இடைவெளி விட்டதும் நான்தான், உனக்கு இருப்பது போல. அதெல்லாம் போனபோது எனக்கு வயிறு எரியாதா? நீ ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாயா? கேட்கவில்லை. நேராக வந்து தீர்ப்பைச் சொன்னாய்.

வேண்டுமானால் உன் புது மெஷினைக் கேள். படம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, நன்றாக இருந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரைத் துடைத்து உன் கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எடிட் பண்ணுகிறவன் எல்லாம் மேக்தான் வைத்திருக்கிறான் என்று அதைக் கொண்டுவந்தாய். என்னிடம் கேட்டாயா? அதில் என்டர் தட்டினால் திறக்காது, பேரை மாற்றவா என்று நிற்கும். மூட அமுக்கினால் மூடாது, கீழே ஒளிந்துகொள்ளும். மேலே தள்ளினால் கீழே போகும். கன்ட்ரோல் இருந்த இடத்தில் வேறு ஏதோ. முதல் நாள் இரண்டு மணி நேரம் நான் மாமியார் வீட்டுச் சமையலறையில் புது மருமகள் டப்பா தேடுவது போலத் தேடினேன். நீ சிரித்தாய்.

வாசலில் நின்று நீ கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. அதை இங்கே எழுதமாட்டேன். உனக்கே தெரியும்.

அக்கா


பிப்ரவரி 15

நல்லா எழுதுற. பரீட்சைக்கு எழுதுற மாதிரி. ஆனா கேள்விக்குப் பதில் இல்ல.

மெஷினைக் கேளுன்னு சொல்ற. மெஷின் தானா அழிக்காது. அதுக்கு என்ன, என் மேல கோவமா? யாரோ ஒரு ஆள் அமுக்கினாத்தான் போகும். தினமும் சாயங்காலம் ஷூட் முடிஞ்சதும் நான் விளக்கைத் திருப்பிக் குடுக்க ஓடிடுவேன். கூட்டாளி வீட்டுல எட்டு மணிக்குள்ள குடுக்கலைன்னா அவங்கப்பா கத்துவாரு. கேமரா கார்டுலேருந்து மேக்குக்கு ஏத்துறது முழுக்க நீதான். அந்த ரூம்ல வேற யாரும் இல்ல. பூனை கூட இல்ல.

காலேஜ் நோட்டீஸ்னு ஆரம்பிக்காத. என் தலையணை உறைக்குள்ள கை விட்டது நீ. அதுக்கு யாரு கேள்வி கேக்குறது?

வாசல்ல சொன்னதை எழுத மாட்டியா, நான் எழுதுறேன். "பாதியில திரும்பி வந்தவ, என்னையும் பாதியில நிறுத்தப் பாக்குற"ன்னு சொன்னேன். உன் கல்யாணத்தைத்தான் சொன்னேன். அப்ப அப்படித்தான் தோணுச்சு. இப்பவும் அப்படித்தான் தோணுது. மூணு வருஷமா பெட்டியைக் கூடப் பிரிக்காம கட்டிலுக்கு அடியில வச்சிருக்க. யாராவது ஒண்ணை முழுசா முடிச்சா உனக்குத் தாங்காது.

அம்மாவைத் தூது அனுப்பாத. போன்ல மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசுறா. நீ சொல்லிக் குடுத்ததுதான அது.

ஆமா, இல்லை. ஏதாவது ஒண்ணு.


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இல்லை.

இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே. இங்கே வேலை செய்கிற பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்கிறார்கள். ஆமாம், என் தம்பி என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது.

பெட்டியைப் பற்றி எழுதினாயே. அதைப் பிரித்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் இருந்த கல்யாணப் பட்டுச் சேலையைக் கிழித்துத்தான் லிப்டின் உள்சுவருக்கு ஒட்டினேன். அந்தச் சிவப்பு நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டாய். கடையில் என்று சொன்னேன். ஏழு மாதம் அதற்கு முன்னால் நின்றுகொண்டு அதைத்தான் படம் எடுத்தாய். யார் எதைத் தாங்கமாட்டார்கள் என்று பிறகு பேசு.

நான் அந்த மேக்கில் செய்ததை எழுதுகிறேன். வக்கீல் வைத்துப் படித்துக்கொள்.

பழைய கம்ப்யூட்டரில் என்ன செய்தேனோ அதையேதான் செய்தேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான். கார்டைப் போடு, அதில் இருக்கும் ஃபோல்டரை இழுத்து நம் படத்தோடு போடு, போய்ச் சேர்ந்ததும் கார்டைத் துடை. கேமரா எல்லா நாளும் ஃபோல்டருக்கு ஒரே பேர்தான் வைக்கும். ஏற்கெனவே இதே பேரில் ஒன்று இருக்கிறதே, சேர்க்கவா என்று பழையது கேட்கும். ஆமாம் என்பேன். சேர்ந்துவிடும்.

மேக் வந்த முதல் நாளும் அதுவும் ஏதோ கேட்டது. நான் மாடியிலிருந்து கத்தினேன். நீ விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் நின்றாய். "என்ன கேட்டாலும் சரின்னு அமுக்கு, படிச்சிட்டு நிக்காத" என்று கீழேயிருந்து கத்தினாய். தெருவே கேட்டது. அதில் சரி என்று ஒன்று இல்லை. மூன்று இருந்தன. நிறுத்து, இரண்டையும் வை, ரீப்ளேஸ். நிறுத்தினால் ஏறாது. இரண்டையும் வைத்தால் இடம் அடைக்கும், இந்த மேக்கில் இடம் கம்மி என்று நீதான் காலையில் புலம்பினாய். ஆகவே மிச்சம் இருந்ததை அமுக்கினேன். தினமும் அதையே அமுக்கினேன். தினமும் அது மணி அடித்தது போல ஒரு சத்தம் போட்டு, முடிந்தது என்றது.

வேறு எதையும் தொடவில்லை. முதல் வாரமே இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி வைக்கலாமா என்று கேட்டேன். மேக் கெடாது என்றாய்.

இன்று மொட்டையின் இரண்டு மெழுகுக் காலையும் வெட்டி லேபில் உருக்கிவிட்டேன். கம்பி மட்டும் மிச்சம். அந்த மெழுகில் யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லுக்கு அச்சு தயாராகிவிட்டது. உன் படத்தை விட அது உபயோகம்.

இனி எழுதமாட்டேன்.


மார்ச் 6

அக்கா,

எழுதாதன்னு சொன்ன. எழுதுறேன். படிச்சிட்டுத் திட்டு, இல்ல திட்டிட்டுப் படி.

உன் போன மெயிலை நான் ஒழுங்காவே படிக்கல. வக்கீல்னு இருந்துச்சு, மொட்டை காலை உருக்கிட்டேன்னு இருந்துச்சு, அவ்வளவுதான் கண்ணுல பட்டுச்சு. போனைத் தூக்கி எறிஞ்சேன். கண்ணாடி ஓரத்துல விரிசல்.

போன வாரம் எனக்குப் பதவி உயர்வு. ஒயர்லேருந்து கார்டுக்கு. ஷூட் முடிய முடிய கார்டை வாங்கி ஸ்டுடியோ மேக்குல ஏத்தணும். நேத்து செருப்பு. காலைல நாப்பது ஜோடி எடுத்தாங்க. நான் ஏத்தினேன், கார்டைத் துடைச்சுத் திருப்பிக் குடுத்தேன். மத்தியானம் இன்னும் இருபது ஜோடி. அதே கேமரா, அதே கார்டு, ஃபோல்டருக்கு அதே பேரு. இழுத்தேன். அது கேட்டுச்சு. நான் படிக்கல அக்கா. கண்ணு போறதுக்கு முன்னாடி விரல் போயிடுச்சு. ரீப்ளேஸ். மணிச் சத்தம்.

திறந்தா இருபது ஜோடி இருக்கு. காலைல எடுத்த நாப்பது இல்ல. செருப்பெல்லாம் அதுக்குள்ள வண்டி ஏறிப் போயிடுச்சு.

எங்க முதலாளி ரூமுக்குள்ளயும் கூலிங் கிளாஸ் போட்டிருப்பான். முதல் தடவையா நேத்துதான் கழட்டினான். என்னென்ன சொன்னான்னு எழுதினா உன் லேப் கம்ப்யூட்டர் நாறும். நான் அவன் மேல பாய்ஞ்சேன். "நான் அழிக்கல, எதையும் அழிக்கல, இழுத்து மட்டும்தான் போட்டேன்"னு கத்தினேன்.

கத்தின அந்த நிமிஷம் எனக்கே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

லைட் போடுற அண்ணன்தான் என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துட்டுப் போனார். பாதி வயசு அந்த ஸ்டுடியோலயே போனவர். டீயைக் கையில குடுத்துட்டு, "விண்டோஸ் கையா உனக்கு?"ன்னு கேட்டார். புரியல. அவர் சொன்னார்: "விண்டோஸ்ல ஒரே பேருல ரெண்டு ஃபோல்டர் வந்தா உள்ள இருக்கிறதை ஒண்ணா சேத்துக்கும். மேக் சேக்காது. பழசை மொத்தமா தூக்கிக் கடாசிட்டு அந்த இடத்துல புதுசை வைக்கும். ரீப்ளேஸ்னா ரீப்ளேஸ்தான். அங்கேருந்து இங்க வந்தவன் எல்லாரும் ஒருவாட்டி பண்ணிட்டுத்தான் திருந்தினோம். நான் ஒரு குழந்தையோட முதல் பிறந்தநாளையே தூக்கிக் கடாசியிருக்கேன்."

டீ ஆறிப்போச்சு. அப்புறம்தான் உன் மெயிலைத் திறந்து ஒவ்வொரு வரியாப் படிச்சேன்.

முதல் நாளே போயிடுச்சு அக்கா. பழைய கம்ப்யூட்டர்லேருந்து நான் மாத்தி வச்ச ஏழு மாசமும், நீ மேக்குல முதல் தடவை அமுக்கினப்பவே போயிடுச்சு. மறுநாள் அமுக்கினப்ப அந்த முதல் நாள் போச்சு. அதுக்கு மறுநாள் அது. ரெண்டு வாரம் நாம மாடியில எடுத்துக்கிட்டே இருந்தோம், பின்னாடியே மேக் சாப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் ஒருநாளாவது திறந்து பாத்திருக்கலாம். கடைசியா மொத்தமாப் பாக்கலாம்னு பந்தாவா இருந்தேன்.

படிச்சிட்டு நிக்காதன்னு வாசல் கேட் பக்கத்துல நின்னு கத்தினேன். தெருவே கேட்டுச்சு, எனக்குத்தான் கேக்கல. இடம் கம்மின்னு புலம்பினேன். காப்பி வேண்டாம்னு சொன்னேன். நீ யோசிச்சு, மூணுல ரெண்டைத் தள்ளி, சரியாத்தான் அமுக்கியிருக்க.

நான்தான் அழிச்சேன். உன் கையை வச்சு அழிச்சேன்.

வேலை போகல. போயிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். நாப்பது ஜோடியையும் திரும்ப வரவழைச்சு எடுக்கப் போறாங்க, எல்லாத்தையும் நான்தான் தொடச்சு அடுக்கணும். ஸ்டுடியோல ஒருத்தன் விடாம செருப்புன்னுதான் கூப்பிடுறான்.

வாசல்ல சொன்ன வார்த்தையை எப்படி எடுக்கிறதுன்னு தெரியல. நேர்லதான் சொன்னேன், மெயில்ல எடுத்தா அது எடுத்த மாதிரி ஆகாது. அந்தச் சிவப்புச் சேலை விஷயம் நெஞ்சுல சிக்கிக்கிட்டு நிக்குது. ஏன் சொல்லல நீ? சொல்லியிருந்தா அப்படிப் பேசியிருப்பேனா? பேசியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆளுதான். ஆனா நீ சொல்லியிருக்கணும்.

மேக் மேல கோவம், முதலாளி மேல கோவம், உன் மேலயும் கோவம். மொட்டை காலை எதுக்கு உருக்கின? அவன் என்ன பண்ணான் உனக்கு?

தம்பி


மார்ச் 14

பதில் போடல நீ. நியாயம்தான். போன்ல பிளாக்கையும் இன்னும் எடுக்கல. அம்மா மட்டும் அவ போனை எடுத்து, "அவ மேல இருக்கா"ன்னு சொல்றா. மேலன்னா மாடி ரூம்லயா? அங்க என்ன பண்ற?

ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். மிச்சம் இருக்கிற அந்த ஒரு ஷாட்டை இன்னைக்கு ஓட்டிப் பாத்தேன். மேக்கோட வீட்டை விட்டு வந்த நாள்லேருந்து அந்த ஃபோல்டரைத் தொடவே இல்ல. மொத்தம் பத்து செகண்ட் கூட வராது. லிப்ட் கதவு திறக்குது, மொட்டை ஒரு காலை வெளிய வைக்கிறான், நின்னு யோசிக்கிறான், இன்னொரு காலையும் வைக்கிறான், நடக்கிறான். அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் புரியாது. இவன் யாரு, எவ்வளவு நாளா உள்ள இருந்தான், எதுவும் தெரியாது.

நடுவுல ஒரு போட்டோ தப்பா இருக்கு. நீ கையை எடுக்கிறதுக்கு முன்னாடி நான் அமுக்கிட்டேன். மொட்டையோட முதுகுல உன் ரெண்டு விரல் இருக்கு. நகத்துல ரோஸ் கலர் ஒட்டியிருக்கு. கை கழுவாம ஏறுவேன்னு எழுதியிருந்தியே, அதுதான்.

ஓட்டும்போது கண்ணு சிமிட்டுற நேரம்தான். அவன் வெளிய வரத் தயங்கி நிக்கிறான், யாரோ முதுகுல கையை வச்ச மாதிரி இருக்கு, அப்புறம் நடக்கிறான்.

அந்த போட்டோவை எடுத்துடலாம்னு அமுக்கினேன். நிஜமாவே அழிக்கவான்னு கேட்டுச்சு. இந்தத் தடவை படிச்சேன். வேண்டாம்னு சொல்லிட்டேன்.

நீ எடுன்னு சொன்னா எடுக்கிறேன். உன் கை அது.


மார்ச் 19

டேய்,

நல்ல தமிழில் எழுதும் பொறுமை தீர்ந்துவிட்டது. இனிமே பேசுற மாதிரியே எழுதுறேன்.

உன் மேல கோவம் போகல. போகும்னும் தோணல. உனக்குச் செருப்புக்காரன் திட்டினதும்தான் நான் சொன்னது காதுல விழுது. அவன் திட்டலைன்னா? நாப்பது ஜோடி தொலையலைன்னா? ஆயுசுக்கும் நான்தான் அழிச்சேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருப்ப. நான் சொன்னதுக்காக நீ என்னை நம்பல. உனக்கே நடந்துச்சு, அதனால நம்புற. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அது உறைக்கிற வரைக்கும் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படி.

வாசல்ல சொன்னதை வாசல்ல நின்னுதான் எடுக்கணும். மெயில்ல எடுக்காதது ஒண்ணுதான் நீ பண்ணின உருப்படியான காரியம். ஞாயித்துக்கிழமை வா. செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதை எடு. அம்மா எதிர்லயே எடு.

மேல என்ன பண்றேன்னு கேட்டியே. மொட்டைக்குக் கால் ஊத்தினேன். அவன் உனக்கு என்ன பண்ணான்னு கேட்ட பாரு, அன்னைக்கே ஊத்த ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு தடவை உடைஞ்சுது. மூணாவது நிக்குது, ஆனா இடது கால் கொஞ்சம் குட்டையாயிடுச்சு. பல்லுன்னா ராவி ராவிச் சரி பண்ணிடுவேன், காலுக்கு ராவினா இன்னும் குட்டையாகுது. மேசை மேல நடக்க வச்சுப் பாத்தேன். நொண்டுறான்.

முதல்ல எரிச்சலா வந்துச்சு. அப்புறம் அப்படியே விட்டுட்டேன். முதல்லேருந்து எடுப்போம். லிப்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் நொண்டட்டும். கடைசி ஷாட்டு நம்மகிட்ட இருக்கு. பழைய காலோட, நேரா நடந்து வெளிய வர்றான். அதைத் தொட வேண்டாம். என் விரலையும் எடுக்க வேண்டாம், இருந்துட்டுப் போகட்டும்.

சேலையில இன்னும் ஒரு முழம் இருக்கு. போதும்.

மேக்கையும் கொண்டு வா. எனக்கு அது பிடிக்கல, பிடிக்கப் போறதும் இல்ல, ஆனா இருக்கிறது அதுதான். விளக்கைக் கேட்டு உன் கூட்டாளியோட அப்பா கத்தட்டும், கத்திட்டுப் போகட்டும். தினமும் ஷூட் முடிஞ்சதும் நீ மேலயே என் பக்கத்துல நிக்கிற. கார்டை நான்தான் போடுவேன். நான்தான் இழுப்பேன். அது கேக்குறதை ஒவ்வொரு எழுத்தாச் சத்தம் போட்டுப் படிப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது.

என்ன பதில் சொல்லணும்னு நான் சொல்லுவேன்.

அக்கா